காவிரிப் படுகையில் செல்ஃப் மோட்டார்

தஞ்சை ஜில்லாவின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் பெரிய கோயிலையும் கல்லணையையும், சரஸ்வதி மகாலின் ஏட்டுச் செல்வத்தையும், சங்கீத வித்வான்களின் பரம்பரையையும் விஸ்தாரமாக எழுதியிருக்கிறார்கள். அவை எழுதத் தகுந்தவைதாம். ஆனால், கடந்த நூறு ஆண்டுகளாக அந்த ஜில்லாவின் குடிகளைக் கச்சேரிக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுசேர்த்த மோட்டார் வண்டியைப் பற்றியும், இரவெல்லாம் மழை கொட்டி விடிந்த காலைகளில் அந்த வண்டி ஓடத் தொடங்குவதற்குத் தங்கள் கைத்திறனையே மூலதனமாக வைத்து உழைத்த தொழிலாளிகளைப் பற்றியும் நம் ஏடுகளில் காணக் கிடைப்பது சொற்பம். அந்தத் தொழிலின் முழு வரலாற்றையும் ஒரு கட்டுரையில் அடக்க இயலாது. ஆதலால் அதன் ஓர் அங்கத்தை மட்டும், அதாவது பேட்டரியிலிருந்து, எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாருக்குப் போகும் விரல் தடிமனான கம்பியையும், அதன் கோளாறைக் கண்டறிந்து புதுப்பித்தவர்களின் வித்தையையும் மட்டும், இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

செல்ஃப் வருவதற்கு முன் வண்டியை உயிர்ப்பித்தது மனிதனுடைய தோள். ரேடியேட்டருக்குக் கீழே உள்ள துளையில் இரும்பு ஹேண்டிலைச் செருகி, எஞ்சினைக் கையால் சுழற்ற வேண்டும். அதற்கு முன்னர் ஸ்டீயரிங் அருகில் உள்ள சிறு பிடியைத் தள்ளித் தீப்பொறி சற்றுத் தாமதமாக விழும்படி செய்யவேண்டும். மறந்தால், பிஸ்டன் மேலே ஏறி முடிவதற்குள் பெட்ரோல் எரிந்து, எஞ்சின் எதிர்த்திசையில் உதைத்து, ஹேண்டிலைப் பிடித்தவனின் மணிக்கட்டை முறித்துவிடும். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும், கீழிருந்து மேலாக இழுக்க வேண்டுமேயன்றி மேலிருந்து கீழாக அழுத்தக் கூடாது என்பதும், டிரைவர் வேலைக்கு வந்த கிளீனர் பையன் கற்ற முதற் பாடங்கள். அமெரிக்காவில் பைரன் கார்ட்டர் என்ற வண்டித் தயாரிப்பாளர் 1908-இல் இறந்ததற்கு இத்தகைய ஹேண்டில் அடியே காரணம் என்றும், அந்த மரணத்தால் மனம் வருந்திய காடிலாக் ஸ்தாபனத்தின் தலைவர் ஹென்றி லீலண்ட், ஹேண்டிலுக்கு மாற்றுத் தேடும்படி தம் பொறியாளர்களை ஏவினார் என்றும் சொல்லப்படுகிறது.

மாற்றைக் கண்டவர் சார்ல்ஸ் கெட்டரிங். அவர் அதற்குமுன் கடைகளில் பணம் வாங்கிப் போடும் கல்லா யந்திரத்துக்கு மின்சார மோட்டார் பொருத்தும் வேலையில் இருந்தவர். அந்த மோட்டார் நாள் முழுவதும் ஓட வேண்டியதில்லை, ஒரு கணம் பலமாக இழுத்துவிட்டு நின்றால் போதும். எஞ்சினைச் சுழற்றுவதும் அப்படிப்பட்ட காரியமே என்பதை அவர் உணர்ந்தார். எஞ்சினை ஓயாமல் சுழற்றுவதற்கு வேண்டிய மோட்டார் மிகப் பெரிதாக இருக்கவேண்டும் என்று மற்றவர்கள் கணக்கிட்டுக் கைவிட்ட இடத்தில், சில விநாடிகள் மட்டும் மிகுந்த மின்சாரத்தைத் தாங்கக்கூடிய சிறிய மோட்டார் போதும் என்று அவர் நிறுவினார். 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் வண்டி செல்ஃப் மோட்டாருடன் வெளிவந்தது. எளிய மக்களின் வண்டியாகிய ஃபோர்டு மாடல் டி-க்கு 1919-இல்தான் அந்தப் பாக்கியம் கிடைத்தது.

சரித்திரத்தின் ஒரு பொருத்தம் இங்கே கவனிக்கத்தக்கது. கெட்டரிங்கின் மோட்டார் வெளிவந்த அதே 1912-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தென்னாட்டில் பஸ் போக்குவரத்துக்கு அடிகோலினார்; தஞ்சாவூர்–புதுக்கோட்டைச் சாலை அவருடைய ஆரம்ப வழிகளில் ஒன்று. ரயில் பாதைகள் நெருக்கமாக ஓடிய ஜில்லா இது. மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு ஜில்லா போர்டே சொந்தமாக ரயில் பாதை போட்டிருந்தது. ஆயினும் ஆற்றுக்கு ஆறு, வாய்க்காலுக்கு வாய்க்கால் பிரிந்து கிடக்கும் கிராமங்களின் வாசல் வரை ரயில் வராது, பஸ் வந்தது. கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ராமன் அண்டு ராமன் போன்ற கம்பெனிகள் அந்தத் தேவையில் வளர்ந்தன. மிராசுதார்களின் வீட்டு வாசலில் வில்வண்டி நின்ற கொட்டகையில் மோட்டார் கார் வந்து நின்றது.

அந்நாளைய அமெரிக்க வண்டிகள் பெரும்பாலானவற்றில் பேட்டரி 6 வோல்ட். செவர்லே வண்டியில் டிரைவரின் பாதத்தருகே இரும்பு மிதி ஒன்று இருக்கும். அதைக் காலால் அழுத்தினால் செப்புத் தகடுகள் நேராகச் சேர்ந்து செல்ஃப் இழுக்கும். இங்கிலாந்திலிருந்து வந்த மாரிஸ் மைனர் போன்ற சிறு கார்களில் 12 வோல்ட். அவற்றில் காலுக்குப் பதிலாகக் கைக்கு ஒரு குமிழ், டாஷ்போர்டிலிருந்து இழுப்பதற்கு. இந்த 6-க்கும் 12-க்கும் உள்ள வித்தியாசம் சிறிதன்று. ஒரே அளவு வேலையைச் செய்ய 6 வோல்ட் மோட்டாருக்கு இரு மடங்கு ஆம்பியர் வேண்டும். அதே கம்பியில் இரு மடங்கு ஆம்பியர் ஓடினால் சூடாக வீணாகும் சக்தி நான்கு மடங்கு. எனவே 6 வோல்ட் வண்டிகளின் கம்பி மிகத் தடிமனாக இருக்கவேண்டும். பழைய கம்பி போய்விட்டதென்று கையில் கிடைத்த மெல்லிய கம்பியைப் போட்டால், புது பேட்டரியும் புது மோட்டாரும் இருந்தும் எஞ்சின் முக்கி முனகி நிற்கும். 1950-களின் நடுவில் அமெரிக்கத் தயாரிப்பாளர்களும் 12-க்கு மாறிவிட்டார்கள்.

இரண்டாம் உலக யுத்தம் செல்ஃப் மோட்டாருக்கு ஒரு சோதனைக் காலம். பெட்ரோல் பங்கீடு வந்ததும் பஸ்களின் பின்புறம் கரி அடுப்புப் பீப்பாய் ஏறியது. விடியற்காலையில் கரியை மூட்டி, துருத்தி விசிறியைக் கையால் சுற்றி, வாயு பிறந்த பிறகே எஞ்சினைத் தொட முடியும். கரிவாயுவுக்குப் பெட்ரோலின் வீரியம் இல்லாததால் எஞ்சின் எளிதில் பற்றாது. பற்றும்வரை செல்ஃபை அழுத்திக்கொண்டே இருந்தால் பேட்டரி உட்கார்ந்துவிடும். புது பேட்டரியும் புதுக் கம்பியும் கிடைப்பது அரிதாக இருந்த அந்த வருஷங்களில், பழைய ஹேண்டில் மறுபடி முன்னே வந்தது. 1945-இல் கும்பகோணத்தில் மகாமகம் நடந்தபோதும் யுத்தம் ஓயவில்லை, பங்கீடும் நீங்கவில்லை.

சமாதானம் வந்தபின் நிலைமை மாறியது. ராணுவம் கழித்துவிட்ட ஜீப்புகளும் லாரிகளும் ஏலத்தில் வந்தன. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955-இல் அசோக் லேலண்ட் ஆகி எண்ணூரில் பஸ், லாரிகளுக்கான சேஸிஸ் செய்தது. 1957-இல் அம்பாசிடர் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, நம் கதைக்கு முக்கியமானது, 1961-இல் சென்னைப் பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ். ஸ்தாபிக்கப்பட்டது. பர்மிங்ஹாமிலிருந்து கப்பலில் வரவேண்டியிருந்த டைனமோவும் செல்ஃப் மோட்டாரும் அதன்பின் நம் நாட்டிலேயே பிறந்தன. கார்பன் பிரஷ், ஆர்மேச்சர், எஞ்சினின் பல்சக்கரத்தில் கோத்துக்கொள்ளும் பெண்டிக்ஸ் எல்லாம் தஞ்சாவூர்க் கடையில் கிடைக்கும் சாமான்களாயின. ஆட்டோ எலக்ட்ரீஷியன் என்ற தனித் தொழிலாளி மெக்கானிக்கிடமிருந்து பிரிந்து தனிக் கடை போட்டது இந்த வளர்ச்சியின் நிழலில்தான். பஸ் நிலையத்தை அடுத்த சந்தில், பேட்டரி சார்ஜ் செய்யும் மேஜை ஒன்று, ஆர்மேச்சர் சோதிக்கும் பெட்டி ஒன்று, அமிலம் தெறித்துத் துளைபட்ட காக்கி உடுப்பு: இவ்வளவே அந்தக் கடையின் ஆஸ்தி.

அந்தச் சந்துக் கடையில் கற்றுத் தேர்ந்த வித்தையைச் சற்று நிதானித்துப் பார்க்கவேண்டும். எஞ்சினைச் சுழற்றும் கணத்தில் சாதாரணக் காரின் செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல், சில சமயம் இருநூறையும் தாண்டி, மின்சாரம் கேட்கிறது. வீட்டு விளக்கு ஒன்றுக்குப் போதுமானது ஓர் ஆம்பியரிலும் குறைவு. இவ்வளவு பெரிய பிரவாகம் ஓடும்போது, பாதையில் எங்கேனும் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலும், 150 ஆம்பியரில் ஒன்றரை வோல்ட் அங்கேயே போய்விடும். மேட்டூரில் தண்ணீர் திறந்து கல்லணையில் பிரித்துவிட்ட பிறகும், வாய்க்காலில் கோரை மண்டி மண் தூர்ந்திருந்தால் கடைமடைக்காரனுக்குப் பயிர் காய்வது போல, பேட்டரியில் குறைவில்லாமல் இருந்தும் மோட்டாருக்கு வந்து சேர்வதில்லை. தலைமடையில் நின்று பார்ப்பவன் தண்ணீர் போதவில்லை என்கிறான். புது பேட்டரி வாங்கச் சொல்கிறான். தேர்ந்த எலக்ட்ரீஷியன் வாய்க்காலோடு நடந்து போகிறான்.

அவன் நடந்து போகும் முறை அழகானது. முதலில் ஹெட்லைட்டைப் போடச் சொல்லுவான். பிறகு செல்ஃபை அழுத்தச் சொல்லுவான். விளக்கின் ஒளி சற்றும் மாறாமல், மோட்டாரும் அசையாமல் இருந்தால், மின்சாரம் மோட்டாரை எட்டவே இல்லை. சுவிட்சோ, மின்காந்தச் சுவிட்சாகிய சாலினாய்டோ, அதற்குப் போகும் மெல்லிய கம்பியோ அறுந்திருக்கிறது, அல்லது மோட்டாருக்குள் பிரஷ் தேய்ந்து ஆர்மேச்சரைத் தொடவில்லை. ஒளி மங்கி அணையும் தறுவாய்க்குப் போய், ‘டக்’கென்ற ஓசை மட்டும் கேட்டால், பேட்டரி காலி அல்லது அதன் முனையில் பிடிப்பு இல்லை. ஒளி ஓரளவு மங்கி மோட்டார் முனகினால், பெண்டிக்ஸ் ரிங் கியரில் சிக்கியிருக்கலாம், புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் உராயலாம். மோட்டார் விர்ரென்று சுற்றியும் எஞ்சின் அசையாவிட்டால், பெண்டிக்ஸ் பிடிக்கவில்லை. அங்கே கம்பிக்குக் குற்றமே இல்லை. இத்தனையையும் ஒரு விளக்கையும் இரண்டு காதுகளையும் கொண்டு அறிந்த பிறகே அவன் ஸ்பானரைக் கையில் எடுப்பான். வோல்ட் மீட்டர் உள்ள கடையில், எஞ்சின் சுழலும்போது கம்பியின் இரு நுனிகளிலும் மீட்டரின் முனைகளை வைத்துப் பார்ப்பார்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தக் கம்பிக்கு விடை கொடுக்கவேண்டியதுதான். மீட்டர் இல்லாதவர் சிறிது நேரம் செல்ஃப் அடித்துவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் கையால் தொட்டுப் பார்ப்பார். சுடுகிற இணைப்பே குற்றவாளி.

எர்த் கம்பியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பேட்டரியின் ஒரு முனையிலிருந்து சென்ற மின்சாரம் மோட்டாரில் வேலை செய்து மறுமுனைக்குத் திரும்பியாக வேண்டும். எஞ்சினோ அதிர்வு தெரியாமலிருக்க ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே செப்பு இழைகளாலான எர்த் பட்டை ஒன்று உண்டு. அது துருவேறி அறுந்துபோனால், மின்சாரம் வேறு வழி தேடி, சோக் கம்பியின் மேலோ ஆக்சிலேட்டர் கம்பியின் மேலோ பாய்ந்து திரும்ப முயலும். செல்ஃப் அழுத்தும்போது சோக் குமிழ் சூடேறிப் புகைந்தால் எர்த் பட்டை போயிற்று என்று அர்த்தம். பழைய இங்கிலீஷ் வண்டிகளில் பேட்டரியின் பாஸிட்டிவ் முனையே எர்த்தில் சேரும் என்பதும் ஞாபகத்தில் இருக்கவேண்டும். அதை அறியாமல் பேட்டரியை மாற்றி மாட்டினாலும் செல்ஃப் மோட்டார் வழக்கமான திசையிலேயே சுற்றும், ஏனெனில் அதன் காந்தச் சுருளும் ஆர்மேச்சரும் ஒரே தொடரில் இருப்பதால் இரண்டும் சேர்ந்தே திசை மாறுகின்றன. ஆகவே தவறு உடனே தெரியாது, டைனமோ சார்ஜ் ஏற்றாதபோதுதான் தெரியும். டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் பொருத்திய வண்டியில் அதே தவறு அதன் டயோடுகளை ஒரு நொடியில் எரித்துவிடும்.

கம்பியைக் கெடுப்பதில் தஞ்சைச் சீமையின் சீதோஷ்ணத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் கொட்டகையின் ஈரம் வாரக் கணக்கில் உலர்வதில்லை. பழைய கம்பிகளுக்கு ரப்பர் உறை, அதன்மேல் நூல் பின்னல். ரப்பர் வெடித்த இடத்தில் நீர் புகுந்து, உறைக்குள்ளேயே செப்பில் களிம்பு ஏறி, வெளியே பார்க்கக் கம்பி நன்றாக இருக்க உள்ளே பாதி இழைகள் உதிர்ந்திருக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து வண்டிகளுக்குக் கடற்காற்று வேறு. உப்பளத்தில் மூட்டை ஏற்றிய லாரியின் எர்த் இணைப்பு மற்ற ஊர் வண்டியைவிட விரைவில் அரித்துப்போவதில் ஆச்சரியமில்லை.

புதுக் கம்பி போடும் சடங்குக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. எர்த் இணைப்பை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டவேண்டும். மாற்றிச் செய்தால் ஸ்பானர் பாடியில் பட்ட கணத்தில் நெருப்பு பறக்கும், பேட்டரியிலிருந்து எழும் வாயு வெடிக்கவும் கூடும். பேட்டரி முனையில் பூத்த பச்சையைச் சோடா உப்புக் கலந்த வெந்நீரால் கழுவித் துடைத்து, இணைப்பை இறுக்கிய பிறகே வாசலின் பூசவேண்டும். கம்பியின் நுனியில் பித்தளை லக்கை (முனைத் தகட்டை) வைத்து ஈயம் ஊற்றிப் பற்றவைப்பதுதான் வேலையின் சாரம். பித்தளைப் பாத்திரத்துக்கும் குத்துவிளக்குக்கும் பேர்போன கும்பகோணம், நாச்சியார்கோயில் வட்டாரத்தில் ஈயம் பூசும் வித்தை பழக்கமானது. அங்கே நவச்சாரத்தைப் போட்டு உலோகத்தைச் சுத்தம் செய்வார்கள். ஆனால் மின்சாரக் கம்பியில் நவச்சாரம் கூடாது. அதன் மிச்சம் இழைகளுக்குள் தங்கிச் செப்பை அரித்துக்கொண்டே இருக்கும். ரோசின் என்னும் மரப்பிசினே இங்கே ஏற்றது. இந்தச் சிறு வேற்றுமையை அறிந்தவர் பற்றவைத்த லக்கு வண்டியின் ஆயுள்வரை இருக்கும், அறியாதவர் பற்றவைத்தது அடுத்த மழைக்காலத்தில் உதிரும். என் அபிப்பிராயத்தில், கடையின் பெயர்ப்பலகையைவிட இதுவே ஒரு தொழிலாளியின் தரத்தைச் சொல்லும்.

1960-க்குப் பிறகு செல்ஃப் மோட்டார் ரஸ்தாவிலிருந்து வயலுக்குள் இறங்கியது. தீவிர விவசாய ஜில்லாத் திட்டத்துக்கு இந்தியாவில் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு ஜில்லாக்களில் தஞ்சாவூர் ஒன்று. சென்னையில் மாஸே ஃபெர்குஸன் கூட்டுறவுடன் டாஃபே ஸ்தாபனம் டிராக்டர் செய்யத் தொடங்கியதும் அதே காலம்தான். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் 1960-களின் நடுவில் ஏ.டி.டி. 27 என்ற குறுவை நெல்லைக் கொடுத்தபோது, குறுவையை அறுத்த கையோடு தாளடி நடவேண்டிய கட்டாயம் ஜில்லா முழுவதும் பரவியது. அறுவடைக்கும் நடவுக்கும் நடுவே கிடைப்பது சில நாட்கள். அந்த நாட்களிலேயே வடகிழக்குப் பருவமழையும் இறங்குகிறது. மாட்டை விடியலில் தட்டி எழுப்பலாம். டிராக்டரின் செல்ஃப் எடுக்காவிட்டால் உழவும் நின்று, நாற்றும் முற்றி, வேலைக்கு வந்த ஆட்களும் கரையில் உட்கார்ந்துவிடுவார்கள். கூண்டுச் சக்கரம் பூட்டிச் சேற்றில் உழுத டிராக்டரின் செல்ஃப் மோட்டாரில் சேறு அப்பிக் காய்ந்து கிடக்கும். டவுனிலிருந்து எலக்ட்ரீஷியன் சைக்கிளில் வரப்போரம் வந்து இறங்கிய காட்சி அக்காலத்துக் கிராமங்களில் சாதாரணம்.

இங்கே ஓர் அபாயத்தைச் சொல்லாமல் போவது பாவம். பல டிராக்டர்களில், கியர் நியூட்ரலில் இருந்தால்தான் செல்ஃப் எடுக்கும்படி ஒரு பாதுகாப்பு சுவிட்சு வைத்திருக்கிறார்கள். ஈரத்தில் அது கெட்டுப்போனால், அதைப் புதுப்பிப்பதற்குப் பதிலாக இரண்டு கம்பிகளையும் முறுக்கிச் சேர்த்துவிடுவதும், கீழே நின்றபடி சாலினாய்டின் இரு முனைகளையும் ஸ்க்ரூ டிரைவரால் இணைத்து எஞ்சினைக் கிளப்புவதும் வழக்கமாகிவிட்டது. கியரில் நிற்கிற டிராக்டர் அப்படிக் கிளம்பினால், பெரிய பின் சக்கரத்துக்கு முன்னால் நிற்பவன் ஒதுங்குவதற்கு அவகாசம் இராது. ஒரு சுவிட்சின் விலைக்காக இந்தத் துணிவு வேண்டியதில்லை.

1972-இல் பஸ் போக்குவரத்தின் ஒரு பகுதி அரசுடைமையாகிக் கும்பகோணத்தில் சோழன் போக்குவரத்துக் கழகம் அமைந்தபின், எலக்ட்ரீஷியன்களில் சிலர் டிப்போக்களில் சம்பள வேலைக்குச் சென்றார்கள். மற்றவர்கள் சந்துக் கடையில் நின்று டாக்ஸியையும் டிராக்டரையும் நம்பினார்கள். அம்பாசிடரில் ஹேண்டில் செருகும் துளை நெடுங்காலம் இருந்தது, செல்ஃப் கைவிட்டாலும் கை இருக்கிறது என்ற தைரியத்துடன். அந்தக் காரின் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. இன்றைய கார்களில் சாவிக்கும் செல்ஃபுக்கும் நடுவே கணிப்பொறி நிற்கிறது. அது அனுமதித்தால்தான் மோட்டார் சுற்றும். ஆயினும் அதற்கப்பால் பேட்டரி, தடித்த கம்பி, எர்த் பட்டை என்ற மூன்றும் கெட்டரிங் விட்டுப்போன இடத்திலேயே இருக்கின்றன. ஸ்கேனர் கருவி குற்றமில்லை என்று காட்டிய வண்டியில், களிம்பேறிய எர்த்தைப் பழைய மிஸ்திரி கையால் தொட்டுக் கண்டுபிடிக்கும் சந்தர்ப்பம் இன்றும் வரத்தான் செய்கிறது.

லூகாஸ் ஒயரிங்கில் பழுப்புக் கம்பி பேட்டரியிலிருந்து வருவது, வெள்ளை இக்னிஷனுக்கு, வெள்ளையில் சிவப்புக் கோடு போட்டது செல்ஃப் சாலினாய்டுக்கு, கறுப்பு எர்த்துக்கு என்பது போன்ற விவரங்கள் இங்கிலீஷ்ப் புத்தகங்களில் இருக்கின்றன. ஆனால் சேற்று வயலில் நின்ற டிராக்டரின் கம்பி எந்த இடத்தில் முதலில் அறும், உப்பு லாரியின் எர்த்தை எப்படிக் காப்பாற்றுவது என்பன எந்தப் புத்தகத்திலும் இல்லை; அவை எழுபது வயதைக் கடந்த சில மனிதர்களிடம் இருக்கின்றன. பழைய அம்பாசிடரோ ஜீப்போ டிராக்டரோ வைத்திருக்கிற அன்பர்கள், அடுத்த முறை ஒயரிங் மாற்றும்போது பக்கத்தில் உட்கார்ந்து, அந்த மிஸ்திரி சொல்வதை ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டுகிறேன். ஜில்லாவிலுள்ள பாலிடெக்னிக் ஆசிரியர்களும் மாணவர்களை ஒரு மாதம் அந்தச் சந்துகளுக்கு அனுப்பட்டும். கடைகள் ஒவ்வொன்றாக மூடுவதற்குள் அது நடக்க வேண்டும்.